மாத்திரை கேட்காமல் போனது ஏன்? குடியாத்தம் நெசவாளர் ஒருவரின் பார்க்கின்சன் மருந்துக் கணக்கு

நோயாளிக்கு 68 வயது. குடியாத்தத்தில் வாழ்நாளெல்லாம் லுங்கித் தறி ஓட்டியவர். பார்க்கின்சன் நோய், அதாவது நடுக்குவாதம், என்று உறுதியாகி ஆறு வருடமாகிறது. பங்குனி மாத வெயிலில் மருமகள் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தார். கேட்டது ஒன்றுதான்: "மாத்திரை இப்பல்லாம் கேக்கவே மாட்டேங்குது டாக்டர். பவர் ஏத்திக் குடுங்க."

பவர் ஏற்றுவது சுலபம். சீட்டில் ஒரு எண்ணை மாற்றினால் முடிந்தது. ஆனால் ஆறாவது வருடத்தில் நான்கே மாதத்துக்குள் ஒருவர் இவ்வளவு சரிந்தால் நோய் முற்றிவிட்டது என்று உடனே முடிவுகட்டக் கூடாது. பார்க்கின்சன் மெதுவாக நகரும் நோய். வேகமாகச் சரிந்தால் வேறு ஏதோ நுழைந்திருக்கிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். இவர் விஷயத்தில் நுழைந்தது ஒன்றல்ல. குடும்பத்தின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

பின்னணி

முதலில் தெரிந்தது நடுக்கம் இல்லை. நாடாக் கயிற்றைச் சுண்டுவதில் வலது கை பிந்த ஆரம்பித்தது. துணியில் அடி சீராக விழவில்லை என்று முதலாளி சொன்னபோது வயசாகிவிட்டது என்றுதான் நினைத்தார்கள். அதற்கும் சில வருடம் முன்பே மலச்சிக்கல் இருந்தது. வீட்டில் கருவாட்டுக் குழம்பு கொதித்தால் தெரு முழுக்கத் தெரியும், இவருக்கு மட்டும் தெரியாது. தூக்கத்தில் கத்தி, கையை வீசுவார் என்று மனைவி சொன்னார். கைகால் அறிகுறிகளுக்கு வெகு காலம் முன்பே இந்த மூன்றும் பலரிடம் வந்துவிடும். யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

வேலூரில் நரம்பியல் மருத்துவர் பார்த்து நோயை உறுதி செய்தார். நம் பக்கத்துக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைச் சிகிச்சைத் துறையை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ல் தொடங்கியது வேலூர் சிஎம்சியில்தான். வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ரயிலேறி வருகிறார்கள். நமக்கு பஸ் தூரம். ஆனால் பெரிய மருத்துவரைப் பார்ப்பது வருடத்தில் ஒரு தடவை. மீதி நாளெல்லாம் மருந்தை நடத்துவது பக்கத்து மெடிக்கல் ஷாப், தெருமுனை கிளினிக், சொந்தக்காரர்கள். இந்தக் கதை முழுக்க அந்த மீதி நாட்களில் நடந்தது.

லெவோடோபா, கார்பிடோபா சேர்ந்த 125 மாத்திரை, ஒரு நாளைக்கு நான்கு. முதல் நான்கைந்து வருடம் நன்றாகவே கேட்டது. தறியை விட்டுவிட்டாலும் கடைவீதிக்குத் தனியாகப் போய்வந்தார்.

வந்தபோது

முகத்தில் அசைவே இல்லை. குரல் தணிந்திருந்தது. எழுந்து நிற்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. பகல் வரை கட்டிப்போன மாதிரி கிடக்கிறார், மத்தியானத்தில் உடம்பு தானாக நெளிந்து ஆடுகிறது, வாசற்படியில் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது, குமட்டல், எழுந்தால் தலைசுற்றல், ஒரு முறை கொல்லையில் விழுந்தார். இதெல்லாம் மருமகள் சொன்னது. ராத்திரியில் தறிக்குழி அருகே சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதாகச் சொல்கிறார் என்பதை மனைவி கடைசியில், குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

பரிசோதனையில் இரண்டு விஷயம் உறுத்தியது. இவருடைய நோய் வலது பக்கம் தொடங்கியது, பழைய சீட்டுகளிலும் வலதுதான் அதிகம். பார்க்கின்சனில் தொடங்கிய பக்கம் பெரும்பாலும் சற்று மோசமாகவே இருக்கும். ஆனால் அன்றைக்கு இரண்டு கையும் ஒரே அளவு விறைத்திருந்தன. இடது வலது வித்தியாசம் அழிந்து போனால் மருந்தால் வந்த விறைப்பைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டாவது, ரத்த அழுத்தம். படுத்திருக்கும்போது 138/80. எழுந்து நின்ற மூன்றாவது நிமிடம் 108/66. மேல் அழுத்தம் 20 புள்ளி இறங்கினாலே கணக்கில் எடுக்க வேண்டும், இங்கே 30. உட்கார வைத்து மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது.

மாத்திரைப் பை

ஜவுளிக்கடை மஞ்சள் பை ஒன்றில் எல்லா மாத்திரையும் வந்திருந்தன. சீட்டைப் பார்ப்பதைவிட பையைக் கொட்டிப் பார்ப்பது எப்போதும் நல்லது. சீட்டில் இருப்பது மருத்துவர் நினைத்தது, பையில் இருப்பதுதான் வயிற்றுக்குள் போவது.

சீட்டில் 125. பையில் 110.

"125 ஸ்டாக் இல்லன்னாங்க. இதுவும் அதே மருந்துதான், பேரும் அதேதான்னு குடுத்தாங்க" என்றார் மருமகள். அது தீபாவளிக்குப் பிறகு. பெயர் அதேதான். ஆனால் அட்டையில் உள்ள எண் இரண்டு மருந்தின் கூட்டுத்தொகை. 125 என்றால் லெவோடோபா 100 மி.கி., கார்பிடோபா 25. 110 என்றால் லெவோடோபா அதே 100, கார்பிடோபா வெறும் 10.

இந்த 15 மில்லிகிராம் ஏன் முக்கியம்? பார்க்கின்சனில் குறைவது டோபமின், மூளையில் உடம்பின் அசைவை நடத்தும் ரசாயனம். டோபமினை வாய்வழியே கொடுத்தால் மூளைக்குள் நுழையாது. லெவோடோபா நுழையும், நுழைந்தபின் டோபமினாக மாறும். ஆனால் குடலிலும் ரத்தத்திலும் இருக்கும் நொதி ஒன்று பெரும்பங்கை வழியிலேயே டோபமினாக மாற்றிவிடுகிறது. மூளைக்குப் போய்ச்சேரும் அளவு குறையும். வெளியே உண்டான டோபமின் வாந்தி உணர்வைத் தூண்டும், ரத்த அழுத்தத்தை இறக்கும். கார்பிடோபாவின் ஒரே வேலை அந்த நொதியைத் தடுப்பது. அதற்கு ஒரு நாளைக்குச் சுமார் 70 முதல் 100 மி.கி. வேண்டும். நான்கு 125-ல் 100 கிடைத்துவிடும். நான்கு 110-ல் கிடைப்பது 40.

ஆக குமட்டல் தொடங்கியது. பக்கத்து கிளினிக்கில் "கேஸ்" என்று ஒரு கேப்ஸ்யூல் கொடுத்தார்கள். உள்ளே அமிலத்தைக் குறைக்கும் ரேபிப்ரசோலோடு லெவோசல்பிரைட் 75 மி.கி. நம் ஊரில் ஏப்பம், நெஞ்செரிச்சல், வயிறு உப்புசம் என்று போகிறவர்களுக்குச் சர்வசாதாரணமாக எழுதப்படும் ஜோடி இது. லெவோசல்பிரைட் டோபமின் ஏற்பிகளை, அதாவது டோபமின் வந்து ஒட்டி வேலை செய்யும் இடங்களை, அடைக்கும் மருந்து. வயிற்றில் அடைத்தால் உணவு வேகமாக இறங்கும், அதற்குத்தான் கொடுக்கிறார்கள். ஆனால் அது மூளைக்கும் போகிறது. நான்கு வேளை லெவோடோபா கொடுத்துக்கொண்டே இதையும் கொடுத்தது, ஒரு பக்கம் தண்ணீர் இறைத்துக்கொண்டே மறுபக்கம் வாய்க்காலை அடைத்த கதை. பார்க்கின்சனே இல்லாத முதியவர்களுக்குக்கூட இந்த மருந்தால் விறைப்பும் நடுக்கமும் வந்து, பார்க்கின்சன் என்று பெயர் சூட்டி, அதற்கும் மாத்திரை தொடங்கிவிடுவது உண்டு. எனக்கு இந்த கேப்ஸ்யூல் மீது கொஞ்சம் கூடுதலாகவே கோபம் உண்டு, வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பொங்கலுக்குள் விறைப்பு கூடியது. கை நடுக்கத்துக்காக ட்ரைஹெக்சிபெனிடில் 2 மி.கி. மூன்று வேளை சேர்ந்தது. நடுக்கம் கொஞ்சம் குறைந்தது உண்மை. ஆனால் எழுபதை நெருங்கும் வயதில் இந்த மருந்து மறதி, குழப்பம், சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு வரும். தறிக்குழிப் பிள்ளைகள் வந்தது அதற்கு அப்புறம்தான்.

இவை போக, ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை, ரத்த அழுத்தத்துக்குப் பத்து வருடமாக நடக்கும் அம்லோடிபின் 5 மி.கி. எடை குறைகிறது என்று ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் மகன் வாங்கிவந்த புரோட்டீன் பவுடர். காலை எட்டு மணிக்கு, இட்லி முடிந்த கையோடு, புரோட்டீன் கலந்த ஒரு டம்ளர் பாலில் இத்தனையும் ஒன்றாக உள்ளே போயின. "எல்லாத்தையும் ஒண்ணாக் குடுத்துட்டா மறக்காது பாருங்க" என்றார் மருமகள். மூன்று பேர் வேலையை ஒருவராகச் செய்யும் பெண்ணின் ஏற்பாடு அது, குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் லெவோடோபாவும் ஒரு அமினோ அமிலம்தான். பால், முட்டை, பருப்பு, கறி செரித்து வரும் அமினோ அமிலங்கள் ஏறும் அதே வழியில்தான் அதுவும் குடலிலிருந்து ரத்தத்துக்கும், ரத்தத்திலிருந்து மூளைக்கும் போக வேண்டும். புரோட்டீன் பால் பின்னாலேயே வந்தால் மாத்திரை வரிசையில் நிற்கும். இரும்புச்சத்து இன்னும் மோசம், லெவோடோபாவைப் பிடித்து வைத்துக்கொண்டு சரியாக உறிஞ்ச விடாது. பகல் வரை கட்டிப்போய்க் கிடந்ததற்குக் காரணம் கேட்கவா வேண்டும்?

காலண்டர் தாள்

எல்லாம் புரிந்தது, ஒன்றைத் தவிர. இவ்வளவு குறைவாகப் போகும் லெவோடோபாவில் மத்தியானம் உடம்பு ஆடுவது எப்படி? அந்த ஆட்டம் டோபமின் மிதமிஞ்சும்போது வருவது.

மருமகளிடம் தினத்தாள் காலண்டரில் கிழிக்கும் தாள்களின் பின்பக்கத்தில் மணிவாரியாக எழுதி வரச் சொன்னேன். மூன்றே குறிப்பு: "நடக்கிறார்", "கட்டிப்போச்சு", "ஆடுறார்". கூடவே மாத்திரை, சாப்பாடு நேரம். ஒரு வாரத்துத் தாள்களை வரிசையாக மேசையில் பரப்பியபோது படம் தெளிவானது. விழித்திருக்கும் நேரத்தில் ஏழு மணி நேரம்போல் கட்டிப்போய் இருந்தார், பெரும்பாலும் காலையில். ஆட்டம் தினமும் இரண்டு மணிக்கு மேல் தொடங்கி மூன்றரைக்குள் அடங்கியது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆட்டம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை என்ன வித்தியாசம் என்று கேட்டேன். மகன் வீட்டில் இருக்கும் நாள் என்றார்கள். அதற்கும் ஆட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதும் மாமியாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் மனைவிதான் சொன்னார். ஆலங்காயம் பக்கத்திலிருந்து அவர் தம்பி ஒரு பொடி கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். தினம் ஒரு மணிக்கு மோரில் ஒரு ஸ்பூன். மகனுக்குப் பிடிக்காது, அதனால் அவன் இருக்கும்போது கொடுப்பதில்லை. "செடி மருந்துதானே, அது இன்னா பண்ணிடப் போவுதுன்னு நெனச்சேன்."

பூனைக்காலி விதைப் பொடி.

இதை நான் கிண்டல் செய்ய மாட்டேன். பூனைக்காலி போலி மருந்து இல்லை. சிக்கலே அதுதான். அதன் விதையில் இருப்பது இதே லெவோடோபா. அதை விதையிலிருந்து பிரித்தெடுத்து 1937-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டவர்கள் சென்னையில் வேலை செய்த தாமோதரன், ராமசாமி என்ற இரண்டு வேதியியலாளர்கள். பார்க்கின்சன் நோயாளிக்கு வியன்னாவில் லெவோடோபா ஊசி போட்டுப் பார்த்தது 1961-ல். வாய்வழியாக அதிக அளவில் கொடுத்துப் பலன் காட்டியவர் ஜார்ஜ் கோட்சியாஸ், 1967-ல். நம் மருத்துவ மரபு நடுக்கத்துக்கு இந்த விதையைக் கையாண்டது அதற்கெல்லாம் எவ்வளவோ முன்பு.

ஆனால் விதைக்கு விதை அளவு மாறும். 3 முதல் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 5 கிராம் பொடியில் 150 முதல் 300 மி.கி. லெவோடோபா. அதாவது ஒன்றரை முதல் மூன்று மாத்திரை, ஒரே ஸ்பூனில். பன்னிரண்டு மணி மாத்திரையில் வந்த கார்பிடோபா இதையும் சேர்த்துக் காப்பாற்றி மூளைக்கு அனுப்பும். காலையெல்லாம் பட்டினி, மத்தியானம் வெள்ளம். ஆட்டத்துக்குக் கணக்கு நேராகிவிட்டது.

பவர் ஏற்றிக் கொடுத்திருந்தால்? காலை மாத்திரை பாலிலும் இரும்பிலும் தொலைந்திருக்கும், மத்தியான ஆட்டம் இரட்டிப்பாகியிருக்கும்.

மாற்றியது

வேலூர் நரம்பியல் மருத்துவரிடம் தொலைபேசியில் பேசித்தான் ஒவ்வொன்றையும் செய்தோம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது.

முதலில் லெவோசல்பிரைட் கேப்ஸ்யூல் நின்றது, 110 போய் 125 திரும்பி வந்தது, பொடி நின்றது. குமட்டல் அடங்கும் வரை, ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, கொஞ்ச நாள் மட்டும் டோம்பெரிடோன். அதுவும் டோபமினைத் தடுப்பதுதான், ஆனால் மூளைக்குள் பெரிதாக நுழையாது. இதயத் துடிப்பின் லயத்தைக் கெடுக்கக்கூடும் என்பதால்தான் ஈசிஜி.

அடுத்தது நேரம். மாத்திரை காலை 6, 10, மதியம் 2, மாலை 6. வெறும் தண்ணீரில். காலை இட்லியோ கூழோ ஏழு மணிக்கு, மதியச் சாப்பாடு பன்னிரண்டரைக்கு, இரவு ஏழரைக்கு. சாப்பாட்டுக்கு அரைமணி முன்பு அல்லது ஒரு மணி பின்பு என்ற இடைவெளி இதில் தானாக அமைந்துவிடுகிறது. இரும்புச்சத்து 12 மணிக்கு, எலுமிச்சைச் சாற்றோடு, இரண்டு பக்கமும் லெவோடோபாவிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி. புரோட்டீன் பால் படுக்கும் முன். முட்டையும் கறியும் ராத்திரிக்குப் போயின. புரதத்தையே நிறுத்தச் சொல்லவில்லை, ஏற்கெனவே எடை குறைந்தவர். களிக்கும் கூழுக்கும் தடையில்லை என்றதும் அன்றைக்குத்தான் அவர் முகத்தில் ஏதோ அசைந்தது.

அம்லோடிபின் நிறுத்தி, வீட்டிலேயே படுத்தும் நின்றும் அழுத்தம் பார்க்கச் சொன்னோம். பார்க்கின்சன் வருடங்கள் போகப்போக தானே அழுத்தத்தை இறக்கும், நம் ஊர் கத்திரி வெயில் மீதியைச் செய்யும். தண்ணீரையும் மோரையும் கூட்டினோம்.

ட்ரைஹெக்சிபெனிடிலைக் கடைசியில் தொட்டோம், பல வாரங்களில் படிப்படியாக. சட்டென்று நிறுத்தக் கூடாத மருந்து அது. லெவோடோபாவுக்கு அந்த எச்சரிக்கை பல மடங்கு. அதை ஒரேயடியாக நிறுத்தினால் கடும் காய்ச்சல், உடம்பெல்லாம் விறைப்பு, நினைவுக் குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். அறுவைச் சிகிச்சைக்கு வெறும் வயிறு என்றாலும், விரதம் என்றாலும் இந்த மாத்திரைக்கு என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

என்ன ஆனது

குமட்டல் முதல் வாரத்திலேயே போனது. விறைப்பு அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. லெவோசல்பிரைட்டின் தாக்கம் விலக வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். "நிறுத்தியும் ஒண்ணும் தெரியலையே" என்று மகன் பொறுமையிழந்தது அந்த இடைவெளியில்தான்.

நடுவில் வைகாசி முதல் நாள் வந்தது. கெங்கையம்மன் சிரசு ஊர்வலம். குடியாத்தத்தில் அன்றைக்கு எந்த வீட்டில் கடிகாரம் பார்ப்பார்கள்? வீடு நிறைய விருந்தாளி, பத்து மணி மாத்திரையும் இரண்டு மணி மாத்திரையும் விட்டுப்போயின. நாலு மணிக்கு மருமகள் போன் செய்தார், மாமா பாயில் அப்படியே இறுகிப்போய்க் கிடக்கிறார், இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடலாமா என்று. வேண்டாம், ஒன்று மட்டும் இப்போது, அடுத்தது நான்கு மணி நேரம் கழித்து என்று சொன்னேன். ஐந்து மணிக்கு எழுந்து உட்கார்ந்தார். விட்டால் என்ன ஆகும் என்பதை அந்த வீட்டுக்கு நான் அதற்குப் பிறகு விளக்க வேண்டியிருக்கவில்லை. மகன் போனில் நான்கு அலாரம் வைத்துக் கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்து வந்த காலண்டர் தாள்களில் கட்டிப்போன நேரம் மூன்று மணி நேரத்துக்கு இறங்கியிருந்தது. ஆட்டம் எப்போதாவதுதான். நின்றால் அழுத்தம் 126/74. தறிக்குழிப் பிள்ளைகள் ட்ரைஹெக்சிபெனிடில் பாதி குறைந்தபோது அரிதானார்கள், முழுதாக நின்றபின் வரவில்லை. வந்திருந்தால், இல்லாதது கண்ணுக்குத் தெரிவதற்கு வழக்கமாகக் கொடுக்கும் ஹாலோபெரிடால் மாதிரி மருந்துகளை இவருக்குத் தொட முடியாது. க்யூட்டியாபின் போன்ற, விறைப்பைக் கூட்டாத ஒன்றைத்தான் தேட வேண்டியிருந்திருக்கும்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. வலது கை நடுக்கம் திரும்பி வந்தது. கல்யாண வீட்டில் காபி டம்ளரைப் பிடிக்க வெட்கப்படுகிறார். நடுக்கமா, தெளிந்த புத்தியா என்று கேட்டபோது புத்திதான் என்றார். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் நடுக்கத்துக்கு மாத்திரை கேட்கத் தவறுவதில்லை. வாசற்படியில் கால் ஒட்டுவதும் மாத்திரைக்கு மசியவில்லை. அது சில சமயம் அப்படித்தான். தரையில் காலடி தூரத்துக்கு ஒன்றாகச் சுண்ணாம்பில் குறுக்குக்கோடு போட்டுக் கொடுத்தார்கள், கோட்டைத் தாண்டுகிறேன் என்று நினைத்தால் கால் எழும்புகிறது.

ஒவ்வொரு மாத்திரையின் கடைசி அரை மணியும் இன்னும் தேய்கிறது. லெவோடோபா ரத்தத்தில் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகும் மருந்து. நோயின் ஆரம்பத்தில் மிஞ்சிய நரம்புச் செல்கள் டோபமினைச் சேமித்துவைத்துச் சமாளிக்கும், செல்கள் குறையக் குறைய மாத்திரையின் ஏற்ற இறக்கம் அப்படியே உடம்பில் தெரியும். அதனால் நரம்பியல் மருத்துவர் ஐந்தாவது மாத்திரை சேர்த்து இடைவெளியை மூன்று மணி நேரமாக்கினார், சாப்பாட்டு நேரமும் அதற்கேற்ப நகர்ந்தது. ஆக, பவர் கடைசியில் கொஞ்சம் ஏறத்தான் செய்தது, 400-லிருந்து 500-க்கு. ஆனால் அது எங்கே போகிறது என்று இப்போது தெரியும். அடுத்த கட்டமாக, லெவோடோபா கூடுதல் நேரம் நிற்க உதவும் என்டகபோன் யோசனையில் இருக்கிறது. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், பயப்பட வேண்டாம் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

சட்டைப் பையில் ஒரு அட்டை வைத்திருக்கிறார். மகன் எழுதி லேமினேட் செய்தது. மேலே 125 என்ற எண், 110 கூடாது என்ற குறிப்பு, மாத்திரை நேரங்கள். கீழே, டோபமினை அடைப்பதால் கொடுக்கக் கூடாதவை: மெட்டோகுளோப்ரமைட், புரோகுளோர்பெரசின், லெவோசல்பிரைட், ஹாலோபெரிடால், தலைசுற்றலுக்கு எழுதும் சின்னரிசின், ஃப்ளூனரிசின். ஆடி மாதத்தில் வாந்தியும் பேதியுமாக ஒரு கிளினிக்குக்குப் போனபோது மெட்டோகுளோப்ரமைட் ஊசியை எடுத்துவிட்டார்களாம். மருமகள் அட்டையை நீட்டினார். அங்கிருந்த இளம் மருத்துவர் படித்துப் பார்த்துவிட்டு ஊசியை மாற்றி, டோபமினை அடைக்காத ஆண்டன்செட்ரான் போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, பத்து மணி மாத்திரையை மறக்காமல் கொடுக்கச் சொல்லி அனுப்பினார்.